திட்டுக்குப் பொங்கும் பீர்

வெர்மான்ட் மாநிலத்து நார்த் ஹார்லோவில் ஆல்டன் பெர்ரோ வீட்டில் காய்ச்சிய பீர், அவன் மனைவி லுசில் திட்டினால்தான் பொங்கும். இது ஊரில் எல்லோருக்கும் தெரியும், ஆல்டனைத் தவிர. வீட்டை ஒட்டிய வண்டிக்கொட்டகையில் பார்லியைக் காய்ச்சி, கசப்புக்கு ஹாப்ஸ் பூ போட்டு, ஆறவைத்துக் கண்ணாடி ஜாடியில் ஊற்றி, ஈஸ்ட்டைக் கரைத்துவிட்டு அவன் காத்திருப்பான். ஈஸ்ட் அது பாட்டுக்கு அடியில் படுத்துக் கிடக்கும். பிறகு சமையலறைக் கதவு படாரென்று திறக்கும். "ஏன்யா, வடக்குப் பக்கம் மழைத்தண்ணி ஓடுற தகரம் எத்தனை நாளா தொங்குது? அது என் தலையில விழுந்தாத்தான் ஏணிய எடுப்பியா?" என்று லுசில் கேட்ட மாத்திரத்தில் ஜாடியின் வாயில் செருகிய குழாய் பளக் பளக்கென்று குமிழிவிட ஆரம்பிக்கும். ஆல்டன் கையைத் துடைத்துக்கொண்டு, நம் ஊர்க் கிணற்றுத் தண்ணீர்தான் காரணம் என்பான். அவனிடம் யாரும் உண்மையைச் சொல்லவில்லை. ஊருக்கே தெரிந்ததை ஒருவனைத் தேடிப்போய்ச் சொல்ல வேண்டும் என்று யாருக்குத்தான் தோன்றும்?

அந்த பீருக்கு இன்னொரு குணமும் இருந்தது. லுசில் எதைச் சொல்லித் திட்டினாளோ, குடித்தவர்கள் வீட்டுக்குப் போய் அந்த வேலையைச் செய்துமுடிப்பார்கள். விறகு அடுக்கவில்லை என்று திட்டு வாங்கிய ஜாடியைக் குடித்த வருஷம் ஊரில் ஒரு வீட்டு முற்றத்திலும் விறகு சிதறிக் கிடக்கவில்லை. மாமியாருக்குப் போன் போடவில்லை என்று திட்டு வாங்கிய ஜாடிக்குப் பிறகு தொலைபேசி லைன் மதியம் வரை கிடைக்கவில்லை. வெர்மான்ட்டில் எங்கள் ஊர் அளவுக்கு ஒழுங்காக இருந்த ஊர் அப்போது இல்லை. பக்கத்து ஊர்க்காரர்கள் எங்களைத் திமிர் பிடித்தவர்கள் என்றார்கள். வேலியைக்கூட நேராக நடத் தெரியாத கூட்டம், அவர்கள் பேச்சைப் பெரிதுபடுத்த வேண்டாம். ஒரே ஒரு விதிவிலக்கு அந்த வடக்குப் பக்கத் தகரம். தகர பீரைக் குடித்து ஊர் முழுக்கத் தகரம் சரிசெய்தது. ஆல்டன் மட்டும் ஏணியை எடுத்துக்கொண்டு போய், பக்கத்து வீட்டுத் தகரத்தைச் சரிசெய்துவிட்டுத் திரும்புவான். தன் வீட்டில் என்ன குறை என்று எந்த ஆண்பிள்ளைக்குக் கண் தெரிந்திருக்கிறது.

ஓசி பீர் குடிக்கிறவர்கள் எல்லா ஊரிலும் சொல்கிற ஒரு வார்த்தை உண்டு. அதை எங்கள் ஊரில் சொன்னவன் மெர்ல் ஸ்டோடார்ட். ஆல்டனின் பள்ளிக்கூடத்துச் சிநேகிதன், எந்த வேலைக்கும் பக்கத்தில் நின்று யோசனை சொல்லக் கூடியவன். "டேய் ஆல்டன், இத நீ விக்கணும்டா. கடை போட்டா பாஸ்டன்ல இருந்து வண்டி கட்டிக்கிட்டு வருவான்" என்று அவன் வாரா வாரம் சொன்னான். வீட்டில் பீர் காய்ச்சுகிற எல்லோருக்கும் இதைச் சொல்ல ஒரு மெர்ல் இருப்பான், அவர்களில் முக்கால்வாசிப் பேர் சிரித்துவிட்டு அடுத்த ஜாடியைக் கழுவப் போய்விடுவார்கள். ஆல்டன் நம்பினான். ஊரின் பனி வாரும் லாரியை ஓட்டிக்கொண்டிருந்த நிரந்தர வேலையை விட்டான். அந்த வேலைக்கு மெர்ல் வந்தான், முதல் பனியிலேயே ஊரின் தபால்பெட்டிகளில் பாதியைச் சாய்த்தான்.

உரிமம் கொடுக்கிற இடத்திலிருந்து ஒரு மனிதர் வந்தார். வண்டிக்கொட்டகையைச் சுற்றிப் பார்த்தார், சமையலறைக் கதவைத் திறந்து மூடிப் பார்த்தார். குடியிருக்கிற வீட்டோடு ஒட்டி பீர் காய்ச்சி விற்கச் சட்டம் இடம் கொடுக்காது, தனிக் கட்டடம் வேண்டும் என்றார். அவர் நல்ல மனிதர்தான், சொன்னதும் சரிதான். அந்தக் கதவு வழியாக என்ன வந்துகொண்டிருந்தது என்பது எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லாததால் அவருக்குத் தெரிய வழியில்லை. ஆல்டன் ஆற்றங்கரையில் மூடிக்கிடந்த பழைய வெண்ணெய் ஆலையை வாடகைக்கு எடுத்தான். பால் நிரப்பிவைத்திருந்த பெரிய எஃகுத் தொட்டிகள் மூன்று அங்கேயே இருந்தன. ஜாடி எங்கே, ஆள் உயரத்துக்கு மேல் நிற்கிற தொட்டி எங்கே! அவற்றைத் தேய்த்துக் கழுவ ஒரு கோடைகாலமே போயிற்று, அதில் பாதி நாள் கூட நின்று தேய்த்தவள் லுசில். தேய்த்துக்கொண்டே அவள் திட்டிய திட்டில், காலித் தொட்டியின் மூலையில் ஒட்டியிருந்த பழைய பால் ஆடை தானாகத் தயிரானது என்று பார்த்தவர்கள் சொன்னார்கள்.

திறப்பு விழாவுக்கு ஊரே வந்திருந்தது. ஆல்டன் ஒரு மரப்பெட்டி மேல் ஏறி நின்று நன்றி சொன்னான். கிணற்றுத் தண்ணீருக்குச் சொன்னான். பார்லிக்கும் ஹாப்ஸுக்கும் சொன்னான். ஈஸ்ட்டுக்குத் தனியாகச் சொன்னான், குரல்கூடக் கம்மியது. மூட்டை சுமந்ததற்காக மெர்லுக்குச் சொன்னான். கடைசியாக, எல்லா நாளும் கூடவே இருந்ததற்காக ஜிஞ்சர் என்கிற தன் நாய்க்கு நன்றி சொல்லிவிட்டு இறங்கினான். எல்லோரும் கை தட்டினார்கள். லுசிலும் தட்டினாள். அதுதான் ஆபத்து என்று எங்களுக்கு அப்போதே புரிந்திருக்க வேண்டும்.

அன்றையிலிருந்து அவள் திட்டுவதை நிறுத்தினாள். கோபித்துக்கொண்டு மூலையில் உட்காரவில்லை, அம்மா வீட்டுக்குப் போகவில்லை, சமையலை நிறுத்தவில்லை. மரியாதையாகப் பேச ஆரம்பித்தாள். "உப்பைக் கொஞ்சம் இந்தப் பக்கம் தர முடியுமா, ஆல்டன்?" "உனக்கு எது சரின்னு படுதோ அப்படியே செய், ஆல்டன்." சேற்றுக் காலோடு அவன் வரவேற்பறைக் கம்பளத்தில் நடந்தான், அவள் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு புன்னகைத்தாள். அந்தப் புன்னகையைக் கண்டு நாய் கட்டிலடியில் ஒளிந்துகொண்டது.

முதல் தொட்டி பொங்கவில்லை. ஆல்டன் ஈஸ்ட்டை மாற்றினான், சூட்டை ஏற்றினான், இறக்கினான், தண்ணீரைப் பரிசோதனைக்கு அனுப்பினான். தொட்டி முழுக்கச் சர்க்கரைத் தண்ணீர் மாதிரி கிடந்தது. அதைக் கடைசியில் கோழிகளுக்கு ஊற்றினார்கள், அவை ருசித்துக் குடித்தன. இரண்டாவது தொட்டியும் அப்படியே. அப்போதுதான் மெர்ல், உலகத்திலேயே சாதாரண விஷயத்தைச் சொல்வது போல, "லுசில் திட்டலையேடா, அப்புறம் எப்படிப் பொங்கும்?" என்றான்.

"என்னடா சொல்ற?"

"உனக்குத் தெரியாதா? ஊருக்கே தெரியுமேடா."

ஆல்டன் நேராக வீட்டுக்குப் போனான். லுசில் ஆப்பிள் நறுக்கிக்கொண்டிருந்தாள். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "லுசில், ஒரு தடவை ஆலைக்கு வந்து என்னத் திட்டிட்டுப் போயேன்" என்று கேட்டான். இவ்வளவு முட்டாள்தனமாக ஒரு மனிதன் மன்னிப்புக் கேட்க வேண்டிய இடத்தில் உதவி கேட்டதை எங்கள் ஊர் அதற்கு முன் பார்த்ததில்லை. "எதுக்குத் திட்டணும்? நீ எல்லாத்தையும் நல்லாத்தான் செய்யுற" என்று சொல்லிவிட்டு அவள் ஆப்பிளை நறுக்கினாள். ஆனாலும் கேட்டதற்காக ஆலைக்கு வந்து தொட்டி முன்னால் நின்று, "சோம்பேறி" என்று ஒரு வார்த்தை சொன்னாள், வானிலை அறிக்கை வாசிப்பது போல. தொட்டி அசையவில்லை. ஈஸ்ட்டை ஏமாற்ற முடியாது.

பிறகு அவன் செய்யாத வித்தை இல்லை. மெர்லைத் திட்டச் சொன்னான். மெர்ல் ஒரு முழுப் பகல் திட்டினான், தொட்டி ஒரே ஒரு ஏப்பம் விட்டது. வானொலியில் அரசியல் பேசிக் கத்துகிற நிகழ்ச்சியைத் தொட்டி பக்கத்தில் ஓடவிட்டான். அந்த பீர் பொங்கியது என்னவோ உண்மை, ஆனால் பச்சைப் புளிப்பு. குடித்த இரண்டு அண்ணன் தம்பிகள் இன்றுவரை பேசிக்கொள்வதில்லை. கடைசியில் வீட்டுத் தொலைபேசியின் பதிவு நாடாவில் லுசிலின் பழைய குரல் கிடைத்தது: "ஆல்டன், எங்கய்யா போய்த் தொலைஞ்ச? வரும்போது பால் வாங்கிட்டு வா, நேத்தும் மறந்துட்ட." அதைத் தொட்டிக்குப் போட்டுக் காட்டினான். ஜம்மென்று பொங்கியது. அந்த பீரைக் குடித்தவர்கள் எல்லோரும் பால் வாங்கப் போனார்கள், ஊர்க்கடையில் பால் தீர்ந்து, கடைக்காரர் கறவைக்காரர்களிடம் கெஞ்ச வேண்டியதாயிற்று. ஆனால் மறுபடி அதே நாடாவைப் போட்டபோது ஈஸ்ட் கண்டுகொள்ளவில்லை. ஆல்டன் மட்டும் அதைப் போட்டுப் போட்டுக் கேட்டான். தொட்டிகள் சும்மா நிற்க, காலி ஆலையில் உட்கார்ந்து அவள் பால் கேட்பதைக் கேட்டு அவன் அழுததை மெர்ல் ஜன்னல் வழியாகப் பார்த்தான். வசந்தம் வரைக்கும் ஒரு நல்ல தொட்டி இறங்காவிட்டால் ஆலையை மூட வேண்டும். அதைவிடக் கொடுமை, வீட்டுக்குப் போனால் லுசிலின் அந்தப் புன்னகை.

மார்ச் மாதம் முதல் செவ்வாய் எங்கள் ஊர்க்கூட்டம். ஊரின் செலவு, சாலை, பள்ளிக்கூடம் எல்லாவற்றையும் ஊர்க்காரர்களே கூடி உட்கார்ந்து கை தூக்கி முடிவுசெய்கிற நாள். அந்த வருஷம் ஊர் மண்டபத்தின் கொதிகலன் செத்துவிட்டதால், சூடாகவும் பெரிதாகவும் இருந்த ஒரே இடமான வெண்ணெய் ஆலையில் கூட்டத்தை வைத்தார்கள். ஆல்டன் தொட்டிகளை நிரப்பி ஈஸ்ட் போட்டு வைத்திருந்தான், நம்பிக்கையால் அல்ல, ஊர் வரும்போது தொட்டி காலியாக இருந்தால் அவமானம் என்பதால். மடக்கு நாற்காலிகள் தொட்டிகளைச் சுற்றிப் போடப்பட்டன. மதியச் சாப்பாட்டுக்கு ஆளுக்கொரு பாத்திரம் கொண்டுவந்தார்கள். லுசில் பீன்ஸ் கொண்டுவந்து வைத்துவிட்டுப் பின்வரிசையில் உட்கார்ந்து பின்னல் வேலையை எடுத்தாள்.

கூட்டத் தலைவர் யூனிஸ் டட்டன். தபால் நிலையத்தில் இருந்து ஓய்வு பெற்ற அம்மா. அவர் கையிலிருக்கும் மரச்சுத்தியலுக்கு ஆளுநர்கூடப் பயப்படுவார். ஊர்க்கூட்டத்தில் ஒரு விதி உண்டு: யாரும் யாரோடும் நேராகப் பேசக் கூடாது. எவ்வளவு வயிறு எரிந்தாலும் தலைவரைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். இந்த விதி இருப்பதால்தான் எங்கள் ஊரில் இத்தனை வருஷமாகக் கொலை விழவில்லை. பனி லாரிச் செலவு விவாதத்துக்கு வந்தபோது, "தலைவரம்மா, என் தபால்பெட்டியை இடிச்ச மகராசன் இங்கதான் இருக்கான், அவன் கண்ணை டாக்டர்கிட்ட காட்டச் சொல்லுங்க" என்று ஒருவர் எழுந்தார். அடுத்தவர் எழுந்தார். மெர்லைத் திட்ட வரிசை நின்றது. முதல் தொட்டி லேசாக முனகியது. ஆல்டன் நிமிர்ந்தான். சாலையோரத்து உப்பைப் பற்றிய வாக்குவாதத்தில் இரண்டாவது தொட்டி இரண்டு குமிழி விட்டு அடங்கியது. ஆயிரம் பேர் திட்டினாலும் அது அடுத்த வீட்டுத் திட்டுதானே.

எல்லாம் முடிந்து கடைசியில் 'இதர விஷயங்கள்' வந்தது. இதில் யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் பேசலாம், அது ஊரைக் கட்டுப்படுத்தாது. வழக்கமாக இந்த நேரத்தில் எல்லோரும் கிளம்புவதற்குக் குளிர்க்கோட்டு மாட்டிக்கொண்டிருப்பார்கள். லுசில் பின்னலை மடித்து வைத்துவிட்டு எழுந்தாள்.

"தலைவரம்மா, ஒண்ணு கேக்கலாமா?"

"கேளும்மா. என்னப் பாத்துக் கேளு."

"உங்களப் பாத்துத்தான் கேக்குறேன். இந்த ஊர்ல ஒரு ஆளு இருக்காரு. பேரு வேணாம்."

ஊர் மொத்தமும் திரும்பி ஆல்டனைப் பார்த்தது.

"அந்த ஆளு தொறப்பு விழாவுல தண்ணிக்கு நன்றி சொன்னாரு, தலைவரம்மா. மெர்லுக்குச் சொன்னாரு, அவன் மூட்டை தூக்கி நான் பாத்ததே இல்ல. நாய்க்குச் சொன்னாரு. நாய்க்கு! அந்த நாய் எந்தத் தொட்டியத் தேச்சுது? எத்தனை வருஷமா என் சூப்புப் பானையில ஹாப்ஸ் காய்ச்சி, நான் வைக்கிற சூப்பெல்லாம் கசப்பு. குளிக்கிற தொட்டியில அவர் பாட்டிலு ஊறும், நான் பாத்திரம் கழுவுற இடத்துல தலை அலசிக்கணும். நல்ல வேலைய விட்டாரு, என்னை ஒரு வார்த்தை கேட்டாரா? கேட்டிருந்தா நானே விடச் சொல்லியிருப்பேன். அதான் தலைவரம்மா வயிறு எரியுது!"

முதல் தொட்டி பளக்கென்றது. இரண்டாவது பளக் பளக்கென்றது. அதற்குள் மெர்ல் எழுந்து, பேச்சை இத்தோடு முடித்துக்கொள்ளலாம் என்று முன்மொழிந்தான். சாப்பாட்டு மேஜையில் ஆப்பிள் வைத்துச் சுட்ட பை ஆறிக்கொண்டிருந்தது. பேச்சை முடிக்கலாமா என்று யூனிஸ் ஊரைக் கேட்டார். "வேண்டாம்" என்று கூரை அதிர்ந்தது. எல்லோரையும்விடச் சத்தமாக வேண்டாம் என்றவன் ஆல்டன்.

அவன் எழுந்து, "லுசில், நான்..." என்று ஆரம்பித்தான். சுத்தியல் விழுந்தது. "என்னப் பாத்துப் பேசு, ஆல்டன்."

"தலைவரம்மா, அந்தம்மாகிட்ட சொல்லுங்க. நான் மறந்துட்டேன். மூச்சு விடுறதுக்கு யாராவது நன்றி சொல்லுவாங்களா? அப்படித்தான் மறந்துட்டேன். பீரு எக்கேடு கெட்டும் போகட்டும். அவ மரியாதையா பேசுறப்போ எனக்குப் பயமா இருக்குன்னு சொல்லுங்க. அவ திட்டாத வீட்டுல எனக்குச் சோறு இறங்கலன்னு சொல்லுங்க."

யூனிஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "லுசில், அந்த ஆளுக்குப் பயமா இருக்காம்."

"இப்பத்தான் பயமா இருக்காமா? அந்தத் தகரம் தொங்க ஆரம்பிச்சப்பவே பயந்திருக்கணும்னு சொல்லுங்க!"

தகரம் என்ற வார்த்தை வந்ததும் மூன்று தொட்டிகளும் ஒன்றாகப் பொங்கின. மேல்மூடி பறந்து உத்தரத்தில் மோதி விழுந்தது. நுரை தொட்டியின் பக்கவாட்டில் இறங்கி, முன்வரிசை நாற்காலிகளைத் தாண்டி, பீன்ஸ் பாத்திரங்கள் வரைக்கும் வந்தது. ஊர் கால்களைத் தூக்கி நாற்காலி மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. ஆல்டன் நுரைக்கு நடுவில் நின்று லுசிலையே பார்த்துக்கொண்டிருந்தான். "யோவ் ஆல்டன்! அத்தனையும் பொங்கி வழியுது, மரம் மாதிரி நின்னு என் மூஞ்சிய என்னய்யா பாக்குற? வால்வைத் தொற!" என்று அவள் நேராக அவனைப் பார்த்துக் கத்தினாள். யூனிஸ் சுத்தியலால் தட்டி, அது விதிமீறல் என்று சொல்லி, அதே மூச்சில் கூட்டத்தையும் முடித்துவைத்தார். நனைந்த காலோடு எல்லோரும் ஆப்பிள் பை சாப்பிட்டார்கள்.

அந்தத் தொட்டிகளின் பீர் ஏப்ரலில் விற்பனைக்கு வந்தது. குடித்தவர்கள் தாங்கள் நன்றி சொல்ல மறந்தவர்களைத் தேடிப் போனார்கள். பல் பிடுங்கிய மருத்துவர் வீட்டு வாசலில் கூட்டம் நின்றது. பாஸ்டனில் இருந்து வந்த ஒருவர் பாதிக் கோப்பையில் எழுந்துபோய், முன்னாள் மனைவிக்கு நன்றி சொல்லப் பிரயாணப்பட்டார். அவர் முகத்தில் கதவு சாத்தப்பட்டதாகக் கேள்வி. மெர்ல் தான் இடித்த தபால்பெட்டிகளை எல்லாம் நட்டுக் கொடுத்தான், கோணலாகத்தான். ஆலை நின்றுவிட்டது, அதாவது நிலைத்துவிட்டது. அடுத்த வருஷ ஊர்க்கூட்டத்தில் ஒரு புதுப் பதவி உண்டாக்கினார்கள். வேலி பார்க்கிறவர், நிலக்கரி எடைபோடுகிறவர் என்று வேலையே இல்லாத பதவிகளுக்கு எங்கள் ஊரில் இன்னும் ஆள் தேர்ந்தெடுக்கிறோம். அந்தப் பட்டியலில் ஊர்த் திட்டுநர் என்று ஒன்றைச் சேர்த்தோம். லுசில் போட்டியின்றி வந்தாள். அன்றிலிருந்து ஒவ்வொரு வருஷமும் அவள்தான்.

இதில் ஒரு சிக்கல் வந்தது. ஆல்டனும் தன் பீரைக் குடிக்கிறவன்தானே. நன்றி பீரைக் குடித்த பிறகு அவனுக்குத் தன் வீட்டுக் குறை கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்துவிட்டது. அவள் விறகுக்குத் திட்டினால் விறகு அடுக்கினான், பானைக்குத் திட்டினால் புதுப் பானை வாங்கிவந்தான், பால் மறக்கவே இல்லை. கொஞ்ச வருஷத்தில் திட்ட ஒன்றும் மிஞ்சாமல் போய், லுசில் தொட்டி முன்னால் நின்று யோசிக்க வேண்டி வந்தது. அந்தத் தகரம் மட்டும் மிச்சம். ஆல்டன் ஏணியை எடுப்பான், சுவரில் சாய்ப்பான், ஒரு படி ஏறி நின்று யோசிப்பான், இறங்கிவிடுவான். தகர பீரைக் குடித்த வெளியூர்க்காரர்கள் தாங்களாகவே ஏணியோடு அந்த வீட்டுக்குப் போய்விடுவதால், கோடையில் வாசலில் ஒரு காவல்காரரை நிறுத்த ஊர் செலவு ஒதுக்கியது. அந்தச் செலவை இதுவரை யாரும் எதிர்த்துப் பேசியதில்லை.

"ஒரு ஆளைக் கூப்பிட்டு நீயே அதச் சரிபண்ணிக்கலாமே" என்று யூனிஸ் ஒருமுறை லுசிலிடம் கேட்டார்.

"சரிபண்ணிட்டா, காலையில எழுந்து அந்த மனுஷன்கிட்ட என்ன பேசுறது?" என்றாள் லுசில்.

பனி உருகுகிற காலத்தில் காலையில் அவள் காபியோடு வாசலைத் தாண்டும்போது தகரத்தின் தொங்கல் முனையிலிருந்து ஐஸ் தண்ணீர் சரியாக அவள் கழுத்தில் சொட்டுகிறது. அவள் ஆலைக்கு வந்து சேர்வதற்குள் தொட்டிகள் பொங்க ஆரம்பித்துவிடுகின்றன. ஆல்டன் அவளுடைய நாற்காலியைத் துடைத்துப் போட்டுவிட்டு, வால்வுக்குப் பக்கத்தில் தயாராக நிற்கிறான்.